ஓவன் போட்டை மாற்றமுன்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழிமுறை

ஓவனின் டிஸ்பிளே அணைந்தாலும், சூடு ஏறாவிட்டாலும், கண்டபடி பீப் அடித்தாலும் முதலில் காதில் விழுவது ஒன்றுதான்: "போட் எரிஞ்சிட்டுது, மாத்த வேணும்." யாழ்ப்பாணத்தில் இது சின்னச் செலவில்லை. ரேஞ்சின் (அடுப்பும் ஓவனும் சேர்ந்த சாமான்) கொன்ரோல் போட்டுக்கு, அதாவது அதை இயக்கும் இலத்திரனியல் பலகைக்கு, பெரும்பாலும் கொழும்புக்குச் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும். பொருத்திப் பார்த்தபின் அதே பழுது நின்றால் கடைக்காரர் அதைத் திருப்பி எடுப்பது அரிது.

போட் தானாக எதையும் செய்வதில்லை. வருகிற மின்சாரம், சென்சர் சொல்லும் சூடு, விரல் அமத்தும் பட்டன் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் வேலை செய்கிறது. மூன்றும் சரியென்று மீற்றரில் கண்ட பிறகே போட்டில் கை வையுங்கள். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில் வருகிறது, போட் கடைசியில் வருகிறது.

## பின்பலகையைக் கழற்ற முன்

குக்கர் சுவிச்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக் இருந்தால் பிடுங்குங்கள். நேரே வயர் பண்ணிய ரேஞ்ச் என்றால் வீட்டின் மெயின் போட்டில் (பிரேக்கர் பெட்டியில்) அதற்குரிய பிரேக்கரை இறக்குங்கள். பழைய வயரிங்கில் லைவும் நியூட்ரலும் மாறியிருப்பது புதினமில்லை. அப்படியான இடத்தில் ஒற்றைச் சுவிச்சை அணைத்தாலும் உள்ளே கரண்ட் நிற்கும். ரெஸ்ரர் ஸ்குறூட்ரைவரை நம்ப வேண்டாம். மல்ரிமீற்றரால் லைவ்–நியூட்ரல், லைவ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து, மூன்றும் பூச்சியம் என்று கண்டபிறகு கையை வையுங்கள். அதன்பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள், கபாசிற்றர் சிலவற்றில் சார்ஜ் நிற்கும்.

காஸ் மணந்தால் இந்த வேலையே வேண்டாம். சிலிண்டர் வால்வைப் பூட்டி, யன்னல் கதவைத் திறந்து, எந்தச் சுவிச்சையும் தொடாமல் வெளியே வாருங்கள்.

வயர் எதையும் கழற்ற முன் போனில் படம் எடுங்கள். ஒன்று முழுப் போட்டுக்கும், பிறகு ஒவ்வொரு கனெக்ரருக்கும் கிட்டத்தில் ஒன்று. திருப்பிப் பொருத்தும்போது மாறிக் குத்திய ஒரு வயர் நல்ல போட்டையும் எரித்துவிடும்.

## டிஸ்பிளே முற்றாக இருட்டு

முதலில் சப்ளை. அதே சொக்கற்றில் வேறு ஒரு சாமானைக் குத்திப் பாருங்கள். பிறகு வோல்ற்றை அளவுங்கள். நமது சப்ளை 230 வோல்ற், ஆறு வீதம் கூடிக் குறையலாம். அதாவது 216 இலிருந்து 244 வரை. ஊரின் கடைசிக் கம்பத்துக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் மாலை ஆறரைக்குப் பிறகு இதற்குக் கீழே இறங்குவது உண்டு. பகலில் வேலை செய்து இரவில் மட்டும் அணைகிற டிஸ்பிளேக்குப் போட்டைத் திறக்கத் தேவையில்லை.

வீட்டில் சில பல்ப் பளீரென்று கூடி எரிந்து, சில மங்கினால் அது நியூட்ரல் கழன்றதன் அடையாளம். மூன்று பேஸ் வீட்டில் அந்த நேரம் சில சொக்கற்றுகளில் 230 ஐ மிகவும் தாண்டி, 400 வரைக்கும் போகலாம். மெயினை உடனே இறக்கி, மின்சார முறைப்பாட்டுக்கான 1987 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். ஓவனைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது ரேமினல். ரேஞ்சின் பின்னால் மெயின் வயர் வந்து சேரும் ரேமினல் கட்டையைத் திறந்து பாருங்கள். கறுத்திருக்கிறதா, பிளாஸ்ரிக் உருகியிருக்கிறதா, திருகாணி தளர்ந்திருக்கிறதா? 3,000 வோட் இழுக்கும் ஓவனுக்கு 13 அம்பியர் ஓடுகிறது. தளர்ந்த திருகாணி அவ்வளவு கரண்டில் தானே சூடாகி, மேலும் தளர்ந்து, கடைசியில் கருகும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை என்று கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றால் செம்பு பச்சை பிடித்திருக்கும். கருகிய வயர் நுனியை வெட்டி, புதுச்செம்பு தெரியச் சீவி, புது ரேமினல் கட்டையில் இறுக்குங்கள். பழைய கட்டையைச் சுரண்டித் திரும்பப் போடுவது காலம் கடத்தும் வேலை.

மூன்றாவது வெப்பக் கட்-அவுட். ஓவனின் முதுகிலோ மேல்தட்டிலோ இரண்டு வயர் போகும் சின்ன வட்டச் சாமான். வயரைக் கழற்றி மீற்றரால் பாருங்கள்: கிட்டத்தட்ட பூச்சியம் ஓம் காட்ட வேண்டும். திறந்திருந்தால் நடுவில் சிறு பட்டன் உள்ள வகையை அமத்தி மீட்கலாம், பட்டன் இல்லாததைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். விலை குறைந்த சாமான்தான். ஆனால் அது ஏன் வெட்டியது என்று பார்க்காமல் மாற்றினால் திரும்பவும் வெட்டும். பான்ரி அலுமாரிக்குள் பொருத்திய ஓவன்களில் காரணம் அநேகமாகக் குளிர்விக்கும் ஃபான்: எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறி நின்றுபோயிருக்கும், இல்லாவிட்டால் தச்சர் பின்பக்கம் காற்றுவழி விடாமல் அடைத்திருப்பார்.

கடைசியில் போட். கண்ணாடிப் பியூஸ் போயிருக்கிறதா பாருங்கள். அதற்குப் பக்கத்தில் வட்டத் தகடு மாதிரி, பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது வரிஸ்ரர். அது வெடித்துக் கறுத்திருந்தால் இடியோ கூடின வோல்ற்றோ வந்திருக்கிறது. வரிஸ்ரரும் பியூசும் மட்டும் போன போட்டை இலத்திரனியல் திருத்துபவர் சிறு காசில் மீட்டுத்தருவார். சுற்றியுள்ள செப்புப் பாதையே எரிந்து கரியாகியிருந்தால்தான் புதுப் போட் பற்றி யோசிக்க வேண்டும். வரிஸ்ரரை வெட்டி எடுத்துவிட்டு "இப்ப ஓடுது" என்று தருவதை ஏற்க வேண்டாம். ஒக்ரோபர், நவம்பர் இடிமழைக்கும் மார்ச், ஏப்ரல் பின்னேர இடிக்கும் அந்தப் போட்டைக் காக்க வேறொன்றும் இல்லை.

## டிஸ்பிளே மங்கல். சூடாக்கத் தொடங்கியதும் அணைந்து அணைந்து வருகிறது

இரண்டு வழி. டிஸ்பிளே மங்கும் அந்த நேரத்தில் சொக்கற்றில் வோல்ற்றை அளவுங்கள். 230 இலிருந்து 200 க்குக் கீழே விழுந்தால் குற்றம் வயரிங்கில்: மெல்லிய வயர், நீட்டு எக்ஸ்ரென்சன், தளர்ந்த ரேமினல். ரிவிக்கு வாங்கிய சின்ன ஸ்ரபிலைசரில் ஓவனைக் கொழுவியிருந்தாலும் இதே கதைதான். அது அவ்வளவு பாரம் தாங்காது, கழற்றிவிடுங்கள்.

வோல்ற் விழாமல் டிஸ்பிளே மட்டும் மங்கினால் போட்டின் பவர் பகுதி. ரான்ஸ்போமர் இல்லாத போட்டுகளில் 275 வோல்ற், எக்ஸ்2 என்று அச்சடித்த சதுரக் கபாசிற்றர் ஒன்று இருக்கும். 0.47 அல்லது 0.68 மைக்ரோஃபரட் என்று எழுதியிருக்கும். நமது ஈரக்காற்றில் காலம் போகப்போக அதன் அளவு தேய்ந்துவிடும். டிஸ்பிளேக்குப் போதுமான மின்சாரம் வரும், றிலேயை (கொயிலுக்குக் கரண்டைக் கொடுத்து வெட்டும் சுவிச்) இழுக்க வராது. றிலே படபடவென்று அடிக்கும். கழற்றி அளக்கும்போது எழுதியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் அதே அளவு, அதே எக்ஸ்2 வகையைப் போடுங்கள். சாதாரணக் கபாசிற்றர் போட்டால் தீப்பிடிக்கலாம். மேல்பக்கம் உப்பிய எலெக்ரோலிற்றிக் கபாசிற்றரையும் அதோடு சேர்த்து மாற்றுங்கள், 105 பாகை வகையாகப் பார்த்து எடுங்கள். இந்த வகைப் போட்டில் கரண்ட் இருக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் லைவ் என்றே எண்ணுங்கள். ஈயம் வைத்துப் பழக்கமில்லாதவர் இதை ரேடியோ, ரிவி திருத்துபவரிடம் கொடுப்பது நல்லது.

## டிஸ்பிளே எரிகிறது, ஓவன் சூடாகவில்லை

கரண்ட் வெட்டு வந்து போனபின் தொடங்கிய பிரச்சினையா? அப்படியென்றால் ஒரு திருகாணியும் கழற்றாதீர்கள். பல ஐரோப்பிய ஓவன்கள் நேரம் வைக்காமல் சூடாகாது. 0:00 என்று கண்சிமிட்டினால் மணிக்கூட்டைச் சரிசெய்யுங்கள். "ஏ" என்ற எழுத்து எரிந்தால் அது தானியங்கி நேரத்துக்குக் காத்திருக்கிறது. கைப்படம் போட்ட பட்டனை, அல்லது நடு இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமத்தினால் கைமுறைக்கு வரும். சாவிப்படம் தெரிந்தால் பிள்ளைப்பூட்டு, அந்தப் பட்டனை மூன்று முதல் ஐந்து செக்கன் அமத்திப் பிடியுங்கள். கண்காட்சியில் வைத்திருந்த ஓவனைக் கழிவு விலையில் வாங்கியிருந்தால் டெமோ நிலையில் இருக்கலாம்: லைற், ஃபான் எல்லாம் ஓடும், சூடு மட்டும் வராது. கையேட்டில் அதை நீக்கும் முறை இருக்கும். ஓவன் சூடாகவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் நல்ல பங்கு இந்த ஒரு பந்தியோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? கரண்டை வெட்டி, சூடாக்கும் கொயிலின் இரண்டு வயரையும் கழற்றி ஓம் பாருங்கள். 230 வோல்ற்றில் 1,000 வோட் கொயில் சுமார் 53 ஓம், 2,000 வோட் சுமார் 26, 2,500 வோட் சுமார் 21. மீற்றர் ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது. கொயில் போட்டைவிட எவ்வளவோ மலிவு, கிடைப்பதும் சுகம்.

கொயில் சரி, ஆனாலும் சூடில்லை என்றால் றிலே. ஓவனைப் போட்டதும் "டிக்" என்று கேட்கிறதா? கேட்காவிட்டால் மேலே சொன்ன கபாசிற்றர்களைப் பாருங்கள். டிக் கேட்டும் கொயிலுக்கு மின்சாரம் போகாவிட்டால் போட்டைக் கழற்றி, றிலே காலின் ஈயத்தை நல்ல வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சூடாகி ஆறுவதில் காலைச் சுற்றி மோதிரம் மாதிரி மெல்லிய வெடிப்பு விழும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புது ஈயம் வைத்தால் பல போட்டுகள் பிழைத்துவிடும். றிலேயின் உள்முனை கருகியிருந்தால் றிலேயை மட்டும் மாற்றலாம். அதன் முதுகில் எழுதியிருக்கும் வோல்ற்றும் (12 அல்லது 24) அம்பியரும் அப்படியே ஒத்திருக்க வேண்டும்.

## கேக் கருகுகிறது, அல்லது நடுவில் வேகவில்லை, சென்சர் பிழைக்குறி

முதலில் கதவு றபர். ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுங்கள், இழுபடாமல் வழுக்கி வந்தால் சூடு அந்த வழியால் போகிறது. பிறகு ஓவனுக்குள் வைக்கும் தேர்மோமீற்றர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து, 180 பாகையில் அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். ஓவன் ஏறி இறங்கித்தான் ஓடும், பத்துப் பதினைந்து பாகை ஆட்டம் பழுதில்லை. நடு அளவு எப்போதும் ஒரே பக்கம் இருபது பாகைக்குள் தள்ளி நின்றால் பல மாதிரிகளில் செற்றிங்கிலேயே திருத்தலாம்.

அதற்கு மேல் தள்ளினாலோ டிஸ்பிளேயில் பிழைக்குறி வந்தாலோ சென்சரை அளவுங்கள். ஓவனின் பின்சுவரில் பென்சிலைவிட மெல்லிய கம்பியாக நீட்டிக்கொண்டிருப்பது அதுதான். பெரும்பாலான அமெரிக்க ரேஞ்சுகளிலும் பல ஐரோப்பிய ஓவன்களிலும் அது 0 பாகையில் 1,000 ஓம் காட்டும் பிளாற்றினம் வகை. நமது குசினியில், ஓவன் ஆறியிருக்கும்போது, 1,105 க்கும் 1,130 க்கும் இடையில் காட்ட வேண்டும். சந்தேகம் தீர இன்னுமொரு சோதனை: கம்பியின் நுனியை மட்டும் ஐஸ் தண்ணீரில் வைத்தால் 1,000, கொதிக்கும் தண்ணீரில் 1,385 அளவு. வயர் சேருமிடம் நனையக்கூடாது. சில ஐரோப்பிய மாதிரிகளில் 500 ஓம் சென்சர் வரும். அதில் எல்லாம் பாதி. குசினிச் சூட்டில் 558 அளவு. சில ஓவன்களில் சூடு ஏற ஓம் இறங்கும் வகையும் உண்டு, அதற்கு அந்த மாதிரியின் அட்டவணைதான் வேண்டும்.

அளக்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் போட் பக்கத்துக் கனெக்ரரைக் கழற்றி, வயர் வழியாக அளவுங்கள். பிறகு சென்சரடியில் அளவுங்கள். இரண்டும் ஒன்றானால் வயர் சரி. போட் பக்கத்தில் கூடக் காட்டினால் இடையிலுள்ள கனெக்ரர் துருப்பிடித்திருக்கிறது. கொன்ராக்ற் கிளீனர் அடித்து, நாலைந்து தடவை குத்திக் கழற்றினால் பெரும்பாலும் சரிவரும். சென்சரின் எந்த வயருக்கும் ஓவன் உடம்புக்கும் தொடர்பு இருக்கக்கூடாது. எலி கடித்த வயரில் அதுதான் நடக்கும்.

குறி எண்கள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஃபிரிஜிடேரின் பல மாதிரிகளில் எஃப்30 சென்சர் அறுந்தது, எஃப்31 சென்சர் ஷோட், எஃப்10 சூடு கட்டுமீறியது. ஜெனரல் எலெக்ட்ரிக் பழைய மாதிரிகளில் எஃப்3 சென்சர், எஃப்7 பட்டன். ஒரு கொம்பனியின் குறியை இன்னொன்றுக்கு வைத்துப் பார்த்துச் சாமான் வாங்காதீர்கள். சென்சர், வயர் இரண்டும் சரியாக அளந்தும் குறி நின்றால், இப்போது போட்டைச் சந்தேகிக்கலாம்.

## பட்டன் வேலை செய்யவில்லை, அல்லது தானாகப் பீப் அடிக்கிறது

தொடுகண்ணாடி என்றால் முதலில் துடையுங்கள். தாளித்த எண்ணெய்ப் படலம், கழுவிய ஈரம், ஒட்டியபடி விட்ட பிளாஸ்ரிக் தாள் மூன்றும் விரல் பட்டது மாதிரிக் காட்டும். நன்றாகத் துடைத்து, பத்து நிமிடம் கரண்டை நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

அமத்தும் தாள்பட்டன் உள்ளவற்றில் போட்டுக்குப் போகும் றிபன் வயரைக் கழற்றிவிட்டு கரண்டைப் போடுங்கள். பட்டன் குறி ஓரிரு நிமிடத்தில் திரும்ப வராவிட்டால் பழுது பட்டன் தாளில். வயரே இல்லாமலும் குறி வந்தால் போட்டில்.

மாரியில் தொடங்கிய பழுது என்றால் போட்டைத் திறந்து எறும்பைத் தேடுங்கள். சூடும் மறைவும் இருப்பதால் எறும்பும் கரப்பானும் அங்கே குடியிருக்கும், பல்லி போட்டின் இரண்டு ஈயக் காலுக்குக் குறுக்கே விழுந்து செத்திருக்கும். பூச்சி மருந்தை உள்ளே அடிக்க வேண்டாம், அந்த எண்ணெய் போட்டில் படிந்து தூசியைப் பிடிக்கும். மென்மையான பிறஸ்சும் பாமசியில் வாங்கும் சேர்ஜிகல் ஸ்பிரிற்றும் போதும். ஒரு பகல் முழுக்கக் காயவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள், ஸ்பிரிற் தீப்பற்றும்.

## அணைத்தபின்னும் சூடாகிறது

உடனே மெயின் பிரேக்கரை இறக்குங்கள். றிலே முனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிவிட்டன. தட்டினால் விடும், சில நாள் ஓடும், பிறகு வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒட்டும். இதில் வீட்டுச் சோதனை இல்லை. றிலேயோ போட்டோ மாறும்வரை ஓவன் கரண்டில் இருக்கக்கூடாது.

## ட்ரிப் சுவிச் விழுகிறது

மாதக்கணக்காகத் தொடாமல் வைத்து, நத்தார் கேக்குக்குப் போடும்போது விழுந்தால் போட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கொயிலுக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச்சுக்கு அந்தக் கசிவு போதும். ஒவ்வொரு கொயிலாகக் கழற்றி வைத்து எது விழுத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். சாதாரண மீற்றர் இதைப் பிடிக்காது. வயர்மனிடம் உள்ள 500 வோல்ற் மெகரில் (மின்கசிவு பார்க்கும் மீற்றர்) கொயிலுக்கும் உடம்புக்கும் இடையில் 1 மெகாஓமுக்கு மேல் இருக்க வேண்டும். குறைவானால் கொயிலைக் கழற்றி நல்ல வெயிலில் வைத்துக் காயவிட்டுத் திரும்ப அளவுங்கள், ஏறாவிட்டால் மாற்றுங்கள். ட்ரிப் சுவிச்சைத் தாண்டி வயர் போட்டு ஓட்டச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். அது உயிர் போகும் வேலை. பிறகு மாதம் ஒருமுறை அரை மணித்தியாலம் வெறும் ஓவனை ஓடவிட்டால் ஈரம் சேராது.

## காஸ் அடுப்பு "டிக் டிக்" என்று நிற்காமல் பொறி அடிக்கிறது

பால் பொங்கியதா, கழுவினீர்களா? பேர்ணர் மூடிகளைக் கழற்றித் துடைத்து, காயவைத்து, சரியாகப் பள்ளத்தில் அமரும்படி வையுங்கள். நின்றுவிட்டால் வேலை முடிந்தது. ஒரு குமிழைத் திருப்பாமலே அடித்தால் குமிழ்களுக்குப் பின்னாலுள்ள சுவிச்சுகளில் ஒன்று ஈரத்தால் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

நெருப்புப் பற்றிய பிறகும் அடித்தால் சொக்கற்றைப் பாருங்கள். அணைந்தால் தானே மீளப் பற்றவைக்கும் அடுப்புகள் நெருப்பு இருப்பதை எர்த் வழியாகத்தான் அறிகின்றன. எர்த் இல்லாவிட்டாலும், லைவ்–நியூட்ரல் மாறியிருந்தாலும் அதற்கு நெருப்புத் தெரியாது. எர்த் துளை மேலே இருக்க, முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் லைவ். லைவ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ற். இது மாறியிருந்தால் வயர்மனைக் கொண்டு திருத்துங்கள், புதுப் பொறிப்பெட்டி வாங்க வேண்டாம்.

## கனடாவிலிருந்து வந்த ரேஞ்ச்

கொள்கலனில் வீட்டுச் சாமானோடு வரும் ரேஞ்சுகளின் போட் பெரும்பாலும் இங்கே முதல்நாளில் பொருத்தும்போதே எரிகிறது, அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

அங்குள்ள மின் ரேஞ்சுக்கு நான்கு வயர்: கறுப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை. கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையில் 240 வோல்ற், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் 120. கொயில்கள் 240 இல் ஓடும். லைற்றும், பல மாதிரிகளில் போட்டும், 120 இல். இங்கே கறுப்பை லைவுக்கும், சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து நியூட்ரலுக்கும் கொடுத்தால் கொயில் நன்றாகச் சூடாகும், 120 வோல்ற் பகுதிக்கு 230 போய் எரியும். வெள்ளையை நமது நியூட்ரலில் கொழுவவே கூடாது. சரியான வழி, நடு முனை எடுத்த ரான்ஸ்போமர் ஒன்றால் வெள்ளைக்கு 115 கொடுப்பது. வயரிங் வரைபடம் கீழ் லாச்சிக்குப் பின்னாலோ கொன்ரோல் பகுதிக்குள்ளோ மடித்து வைத்திருக்கும். அதைப் பார்த்து, போட் எந்த இரண்டு வயருக்கு இடையில் ஓடுகிறது என்று வாசிக்கத் தெரிந்த எலெக்ரீசியனிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.

காஸ் ரேஞ்ச் என்றால் அது முழுக்க 120 வோல்ற். முனை மாற்றும் அடப்ரரை மட்டும் போட்டு இங்கே குத்தினால் அந்த நொடியில் போட் போகும். ஸ்ரெப் டவுன் ரான்ஸ்போமர் கட்டாயம். அதோடு அங்கே குழாய்வழி வரும் இயற்கை வாயுவுக்கு அளவெடுத்த ஜெற் (காஸ் வரும் சிறு துளை) இருக்கும், நமது சிலிண்டர் காஸுக்கு ஜெற்றையும் ரெகுலேற்றரையும் மாற்றாமல் பற்றவைக்கக்கூடாது.

மணிக்கூடு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்துகிறதா? அது பழுதில்லை. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. போட் அலையை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. ரைமரும் அப்படியே: 30 நிமிடம் வைத்தால் 36 நிமிடம் ஓடும். 25 வைத்தால் உண்மையான அரை மணித்தியாலம் கிடைக்கும். சூட்டளவு இதனால் மாறாது.

இந்த ரேஞ்சுகளில் தானே சுத்தமாக்கும் பட்டன் இருந்தால் பாவிக்காமல் விடுவதே எமது அறிவுரை. உள்ளே 450 பாகைக்கு மேல் ஏறும். கட்-அவுட் வெட்டுவதும், கதவுப் பூட்டு இறுகுவதும், போட் வாடுவதும் அந்தச் சூட்டுக்குப் பிறகுதான் கூட. வெந்நீரும் அப்பச்சோடாவும் போதும்.

## போட்தான் என்று முடிவானால்

ரேஞ்சின் மாதிரி எண் கதவு விளிம்பிலோ லாச்சிக்குள்ளோ ஒட்டியிருக்கும்; போட்டின் பாக எண் போட்டிலேயே ஒரு ஸ்ரிக்கரில். இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள். மாதிரி எண்ணை மட்டும் கொடுத்தால் அதே பெயரில் வேறு போட் வரக்கூடும். போட்டின் முன், பின் இரண்டு பக்கமும் படம் எடுத்து, வந்த போட்டோடு கனெக்ரர் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். அளந்த எண்களையும் எழுதிக் கொடுங்கள்: சொக்கற் வோல்ற், சென்சர் ஓம், கொயில் ஓம். திருத்த வருபவருக்கு அது பாதி வேலை. பழைய போட்டைக் குப்பையில் போடாதீர்கள், அதிலுள்ள றிலே அடுத்த பழுதுக்கு உதவும். புதுப் போட்டைப் பொருத்த முன் மெயின் போட்டில் இடி, கூடின வோல்ற்றைத் தடுக்கும் சேர்ஜ் புறொரெக்ரர் ஒன்றைப் போடுவியுங்கள். நல்ல எர்த் இல்லாமல் அது வேலை செய்யாது. ஆகவே முதலில் எர்த் கம்பியை வயர்மனைக் கொண்டு அளப்பியுங்கள், அதுவும் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது.